ஒன்பது வோல்ட்டுக்கு ஒரு கணக்கு

மின்சுற்று ஒன்று வேலை செய்யவில்லையென்றால், அதிலுள்ள பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியவற்றைப் பொருத்திப் பார்ப்பதும், எது பழுதாயிருந்தது என்பதை அறியாமலே விளக்கு எரிந்துவிட்ட சந்தோஷத்தில் காரியத்தை முடித்துவிடுவதும் நம்மில் பலருடைய வழக்கம். நானும் நெடுநாள் அந்தச் சம்பிரதாயத்தைச் சேர்ந்தவனாகவே இருந்தேன். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் கைப்பிடி ரெசிஸ்டரைச் சொற்பக் காசுக்கு அள்ளிக்கொண்டு வரலாம் என்றிருக்கும்போது, மூளையைச் செலவழிப்பானேன் என்பது அக்காலத்தில் என் சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்திலிருந்து என்னை விடுவித்தவர், மின்சாரத்தைப் பற்றி ஒன்றுமே அறியாதவரும், மளிகை மண்டி ஒன்றில் ஆயுள் முழுவதும் கணக்கு எழுதியவருமான என் தாய்மாமன். பேரேட்டில் பத்துப் பைசா உதைத்தால், அந்தப் பத்துப் பைசாவைத் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்துச் சரிக்கட்ட அவர் ஒருநாளும் சம்மதித்ததில்லை. காசு முக்கியமல்ல, அது எந்தப் பக்கத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பதுதான் முக்கியம் என்பார். டையோடும் ரெசிஸ்டரும் சேர்ந்த எளிய சுற்றுகளில் பழுது பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த உபதேசத்தை நான் எந்தச் சாஸ்திரப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

மேஜைமேல் வைத்துக்கொண்டு பேசுவதற்கு ஒரு சுற்று வேண்டுமல்லவா? 9 வோல்ட் பேட்டரி ஒன்று. அதன் நேர்முனையிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. அதற்கடுத்துச் சிவப்பு எல்இடி ஒன்று. அங்கிருந்து பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பும் கம்பி. எல்இடி என்பதும் டையோடு ஜாதியைச் சேர்ந்ததே. மின்சாரம் ஓடும்போது ஒளியையும் உமிழ்வது அதன் விசேஷம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான் என்றாலும், இது எரியாமல் மௌனம் சாதிக்கும்போது பெரிய மனிதர்களும் திகைத்துப்போவதைக் கண்டிருக்கிறேன்.

இந்த இரண்டு பாகங்களில் ரெசிஸ்டர் சாதுவான பிராணி. தன்மேல் எத்தனை வோல்ட் விழுகிறதோ அதற்குச் சரியான விகிதத்தில் மின்னோட்டத்தை விடுவதைத் தவிர அதற்கு வேறு சுபாவம் கிடையாது; அழுத்தம் இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும். இன்று பள்ளிக்கூடப் பையன் ஒப்பிக்கும் இந்த விதியை நிலைநாட்ட, ஜெர்மனியில் எர்லாங்கன் நகரத்துப் பூட்டுச் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாக 1789-ல் பிறந்த கியார்க் ஓம் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர் காலத்து மின்கலங்கள் நிமிஷத்துக்கு நிமிஷம் சக்தி குன்றுபவை. ஆதலால் அளவுகள் ஒன்றுக்கொன்று இசையாமல் ஓடின. பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த இணைப்பின் ஒரு முனையைக் கொதிநீரிலும் மறு முனையைப் பனிக்கட்டியிலும் வைத்தால் கிடைக்கும் அற்பமான, ஆனால் ஆடாத மின்னழுத்தத்தைப் பயன்படுத்திய பிறகே அவருடைய எண்கள் ஒழுங்குக்கு வந்தன. 1827-ல் அவர் வெளியிட்ட நூலைச் சொந்த நாட்டுப் பண்டிதர்கள் உரிய மதிப்போடு ஏற்கவில்லை. மனம் நொந்து கொலோன் நகரத்து ஆசிரியர் பதவியையும் துறந்தார். லண்டன் ராயல் சொசைட்டி 1841-ல் காப்லி பதக்கம் அளித்த பிறகுதான் உள்ளூரிலும் அவர் பெரியவரானார். பழுது பார்க்க உட்காருகிறவனுக்கு இந்தச் சரித்திரத்தில் ஒரு செய்தி இருக்கிறது: கணக்கு உதைத்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பேட்டரியை.

டையோடின் குணம் வேறு. நம் ஊர்க் கிணற்று மோட்டாரின் குழாய் அடியில் ஃபுட் வால்வு என்று ஒன்று இருக்கிறதே, மேலே ஏறும் தண்ணீருக்கு வழிவிட்டுக் கீழே இறங்க முயலும் தண்ணீரைத் தடுப்பது, அதைப் போல ஒருவழிப் பாதையாக நிற்பது அது. அந்த வால்வைத் திறக்கவும் தண்ணீர் சற்று முட்ட வேண்டியிருப்பது போல, சிலிக்கான் டையோடு ஏறத்தாழ 0.6 அல்லது 0.7 வோல்ட் கிடைத்தாலன்றி மனமிரங்காது; பழைய ரேடியோக்களில் இருந்த ஜெர்மானியம் டையோடுக்கு 0.2 அல்லது 0.3 போதும், சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட்டும், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட் அளவும் வேண்டியிருக்கும். ஆனால் உவமை இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. திறந்துகொண்ட பின் டையோடு நடந்துகொள்ளும் விதத்துக்கு ஃபுட் வால்வில் ஒப்பில்லை. ஓட்டம் பத்து மடங்கு பெருகினாலும் அதன்மேல் உள்ள அழுத்தம் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று முன்பின்னாகவே கூடுகிறது. அதாவது, தன் பங்கை வாங்கிக்கொண்டு மற்றதை அப்படியே விட்டுவிடும் ஆசாமி அது. ஓட்டத்துக்குக் கடிவாளம் போடும் பொறுப்பை அது ஏற்பதேயில்லை. 9 வோல்ட் பேட்டரியில் எல்இடியை நேரே மாட்டுகிறவர்கள் ஒரே ஒருமுறை பிரகாசமான ஒளியைக் காண்பதும், அதற்குப் பிறகு ஒன்றும் காணாததும் இதனால்தான். கடிவாளம் ரெசிஸ்டர் கையில் இருக்கிறது.

இந்த ஒருவழிக் குணத்தை 1874-ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் என்னும் ஜெர்மானியர் சில கந்தகக் கனிமங்களில் கண்டு திகைத்தார். ஓம் விதிக்கு அடங்காத ஸ்படிகங்கள் இருக்கின்றன என்பது அவருக்கே புதுமை. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், கலீனா என்னும் ஈயக் கனிமத்தைக் கொண்டு மின்காந்த அலைகளை உணரும் கருவிக்கு 1901-ல் விண்ணப்பித்து 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதே 1904-ல் இங்கிலாந்தில் ஃபிளெமிங் கண்ணாடிக் குமிழுக்குள் அதே வேலையைச் செய்யும் வால்வை அமைத்தார். டையோடு என்ற பெயரோ 1919-ல்தான் எக்கிள்ஸ் என்பவர் கிரேக்கச் சொற்களைக் கூட்டிச் சூட்டியது. குழந்தை பிறந்து நெடுநாள் கழித்து நாமகரணம் நடந்ததென்று வைத்துக்கொள்ளலாம்.

இனி நம் சுற்றுக்கு வருவோம். கிர்க்காஃப் என்ற வாலிபர், கோனிக்ஸ்பெர்க் சர்வகலாசாலையில் மாணவராயிருந்த 1845-ஆம் ஆண்டில், எந்தச் சுற்றையும் ஒருமுறை சுற்றிவந்தால் பேட்டரி கொடுத்த வோல்ட்டும் பாகங்கள் செலவழித்த வோல்ட்டும் சரியாய் ஒத்திருக்க வேண்டும் என்று சொன்னார். என் மாமன் அவரைச் சந்தித்திருந்தால் இருவருக்கும் நன்றாய் ஒத்துப்போயிருக்கும். வரவு 9 வோல்ட். செலவில் எல்இடி 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மிச்சம் 7 வோல்ட் ரெசிஸ்டரின் தலையில் விழுகிறது. 7-ஐ 470-ஆல் வகுத்தால் 15 மில்லி ஆம்பியருக்கு ஒரு மயிரிழை குறைவு. சாதாரணச் சிவப்பு எல்இடி ஆயுளோடு எரிய அது போதுமானது. ரெசிஸ்டரில் சூடாய்ப் போவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. ஆகையால் கடையில் கால் வாட் என்று கேட்டு வாங்கும் சிறியது போதும். சௌக்கியமாய் இருக்கும் சுற்றின் லட்சணத்தை இப்படி எண்களாக முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளாமல் மல்டிமீட்டரைக் கையில் எடுப்பது, வரவு எவ்வளவென்று தெரியாமல் செலவுக் கணக்குப் பார்ப்பதற்குச் சமானம்.

எரியாத சுற்றில், முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். அதையும் சுற்றோடு பிணைத்தபடியே பார்க்க வேண்டும், ஏனென்றால் ஓய்ந்துபோன பேட்டரி சும்மா இருக்கும்போது 8 வோல்ட்டுக்கு மேல் காட்டிவிட்டுச் சுமை ஏறியதும் படுத்துவிடும் கபடக்காரன். பேட்டரி யோக்கியமென்று தெரிந்தபின், மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலேயே ஊன்றிவிட்டு, சிவப்பு முனையை மட்டும் வழிநெடுகிலும் நடத்திக்கொண்டு போவது நல்ல முறை. ரெசிஸ்டருக்கு முன்னால் 9, அதற்குப் பின்னால் 2, எல்இடிக்கு அப்பால் 0 என்று வந்தால் கணக்கு நேர். ரெசிஸ்டரைத் தாண்டியும் 9 வோல்ட்டே நின்றால், ரெசிஸ்டர் ஒன்றும் செலவழிக்கவில்லை என்று பொருள். செலவழிக்காததற்குக் காரணம் அதன் வழியே ஓட்டமே இல்லை. ஓட்டம் இல்லாததற்குக் காரணம் அதற்கப்பால் எங்கோ பாதை அடைபட்டிருக்கிறது. இந்த இடத்தில் ரெசிஸ்டரைக் கழற்றி எறிகிறவன் நிரபராதியைத் தண்டிக்கிறான். அடைப்பு பெரும்பாலும் எல்இடி தலைகீழாய் மாட்டப்பட்டதால் வந்ததாயிருக்கும். நீண்ட கால் நேர்முனை, விளிம்பு தட்டையாய்ச் செதுக்கப்பட்ட பக்கம் எதிர்முனை என்பது அடையாளம். ஏற்கனவே கால் வெட்டப்பட்ட எல்இடியை மறுபடி உபயோகிக்கிற சிக்கனக்காரர்கள் தட்டை விளிம்பையே நம்பவேண்டும். சாதாரண டையோடாயிருந்தால் அதன் உடம்பில் வரைந்த வளையம் எதிர்முனையைக் காட்டும். திருப்பி மாட்டியும் எரியாவிட்டால்தான் எல்இடி இறந்தது என்று தீர்மானிக்கலாம்.

எல்இடியின்மேல் 0, ரெசிஸ்டரின்மேல் 9 என்று வருவது இதற்கு நேர்மாறான நிலை. எல்இடி உள்ளே குறுக்கே ஒட்டிக்கொண்டு வெறும் கம்பியாகிவிட்டால் இப்படி வரும். ரெசிஸ்டர் உள்ளே முறிந்து போனாலும் ஏறக்குறைய இப்படியே வரும். ஒரே நோய்க்குறி, இரண்டு வியாதி. முன்னதில் 19 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். பின்னதில் ஒன்றுமே ஓடாது. ஆனால் இங்கே மீட்டர் தானே ஒரு சுவாரசியமான சாட்சி சொல்கிறது. ரெசிஸ்டர் முறிந்திருக்கும்போது அதன் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால் பல சமயம் 9 வராது, 7.5-ஐ ஒட்டிய ஏதோ ஒரு எண் வரும். அந்த மீட்டரை எடுத்து எல்இடியின்மேல் வைத்தால் 0. இரண்டையும் கூட்டினால் ஒன்றரை வோல்ட் காணோம்! முதன்முதலில் இதைக் கண்ட இரவு நான் மீட்டரைச் சபித்தேன். விஷயம் என்னவென்றால், டிஜிட்டல் மீட்டருக்குள்ளும் சாதாரணமாய் 1 கோடி ஓம் தடை இருக்கிறது. முறிந்த ரெசிஸ்டரின் குறுக்கே அதை வைத்த கணத்தில் அதுவே பாலமாகி, ஒரு மைக்ரோ ஆம்பியரையும் எட்டாத ஓட்டம் எல்இடி வழியே நடக்கிறது. அந்தத் துளி ஓட்டத்துக்கும் எல்இடி தன் பங்காக ஒன்றரை வோல்ட்டை வாங்கிக்கொள்கிறது. மீட்டரை எடுத்ததும் பாலம் போய், பங்கும் போய்விடுகிறது. கணக்குப் பார்க்க வந்தவரே கல்லாவில் கை வைத்தால் ஐந்தொகை எப்படி நேராகும்? ஆகவே இந்தச் சுற்றில் கூட்டுத்தொகை இப்படி உதைத்தால், ரெசிஸ்டரோ அதன் இணைப்போ விட்டுப்போயிருக்கிறது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

முற்றிலும் எரியாத சுற்றைவிட மங்கலாய் எரியும் சுற்று அதிகச் சோதனை தருவது. 470 ஓம் ரெசிஸ்டரின் உடம்பில் மஞ்சள், ஊதா, பழுப்பு என்று வர்ண வளையங்கள் இருக்கும். 47,000 ஓமுக்கு மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. மாலை வெளிச்சத்தில், அதுவும் நாற்பது வயதுக்கு மேற்பட்ட கண்களுக்கு, பழுப்புக்கும் ஆரஞ்சுக்கும் இடையே உள்ள பேதம் வெகு சூட்சுமமானது. நூறு மடங்கு பெரிய தடையைத் தவறி மாட்டிவிட்டால் ஓட்டம் 0.15 மில்லி ஆம்பியராகச் சுருங்கி, எல்இடி மின்மினியைப் போல் முனகும். ஆனால் வோல்ட்டை அளந்து பாருங்கள்: எல்இடியின்மேல் 1.7 அல்லது 1.8, ரெசிஸ்டரின்மேல் 7-க்குச் சற்று மேல். கணக்கு நேராகவே இருக்கிறது! டையோடின் பிடிவாதக் குணம் குற்றத்தை மூடிவிடுகிறது. வோல்ட் பத்தியை மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், பேட்டரியைக் கழற்றிவிட்டு ரெசிஸ்டரின் ஓமையும் அளந்து, வகுத்துப் பார்த்தால்தான் உண்மை பிரத்தியட்சமாகும்.

ஓம் அளக்கும்போது சுற்றில் மின்சாரம் இருக்கவே கூடாது. பல பாகங்கள் பின்னிக் கிடக்கும் பலகையில் ரெசிஸ்டரின் ஒரு காலையாவது தூக்கி அளக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து வழிகளும் கூடிக்கொண்டு உண்மையைவிடக் குறைந்த அளவையே மீட்டர் சொல்லும். டையோடைச் சோதிப்பதற்கென்று டிஜிட்டல் மீட்டரில் தனியிடம் உண்டு. ஒரு திசையில் 0.5-க்கும் 0.7-க்கும் இடைப்பட்ட எண்ணும், மறு திசையில் ஒன்றுமில்லை என்ற குறியும் வந்தால் சிலிக்கான் டையோடு நலம். பழைய முள் மீட்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒரு விபரீதத்தை நினைவில் வைக்கவேண்டும்: ஓம் அளக்கும் நிலையில் அவற்றில் பலவற்றின் சிவப்பு முனையில் உள்ளேயிருக்கும் பேட்டரியின் எதிர்முனைதான் வெளிப்படுகிறது. இதை அறியாமல் நல்ல டையோடுகளின் வளையக் குறியே தவறென்று வாதாடியவர்களை நான் அறிவேன். அவர்களில் ஒருவரை மிக நெருக்கமாய் அறிவேன்.

நான்கு டையோடுகள் கூடும் இடத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் ரசமாகிறது. பேட்டரி எலிமினேட்டர் என்று நாம் அழைக்கும் பெட்டிக்குள், 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரும், முன்னும் பின்னும் ஆடும் அந்த மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்பும் டையோடுப் பாலமும், மேடுபள்ளத்தை நிரவும் கெபாசிட்டரும் இருக்கும். இங்கே 12 என்பது வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம் கண்டு சொல்லும் எண். அலையின் உச்சம் 17. ஒரே சமயத்தில் இரண்டு டையோடுகள் பங்கு வாங்குவதால் 1.4 போக, சுமையில்லாதபோது கெபாசிட்டரில் 15.6-ஐ ஒட்டி நிற்கவேண்டும். 12 போட்ட பெட்டியில் 15 வருகிறதே, கெட்டுவிட்டதோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அதுதான் அதன் ஆரோக்கியம். டையோடுகளில் ஒன்று குறுக்கே ஒட்டிக்கொண்டால், ஒவ்வோர் அலையிலும் ஒரு பாதியில் டிரான்ஸ்ஃபார்மர் தன் வாலைத் தானே கடிப்பது போலாகி, ஃபியூஸ் போகும், அல்லது சுருள் கருகும். ஒன்று முறிந்தாலோ அவ்வளவு ஆர்ப்பாட்டம் இராது. நொடிக்கு 100 முறை நிரம்பவேண்டிய கெபாசிட்டர் 50 முறை மட்டும் நிரம்பும். சுமை ஏறும்போது வோல்ட் சரியும். ரேடியோவில் இரைச்சல் ஒரு ஸ்தாயி இறங்கிக் கனத்துக் கேட்கும். சங்கீதக் காதுள்ளவர்களுக்கு மீட்டரே வேண்டாம். பெட்டியின் ஒரு பக்கத்தில் 230 வோல்ட் இருக்கிறது என்பதையும், பிளக்கைப் பிடுங்கிய பின்பும் கெபாசிட்டரில் சற்றுநேரம் சரக்கு நிற்கும் என்பதையும் மறந்தவர்கள் இந்தப் பெட்டியைத் திறக்காதிருப்பது உத்தமம்.

என் வீட்டு ரேடியோவின் எலிமினேட்டர் ஒருநாள் அந்தக் கனத்த சுருதியில் பாட ஆரம்பித்தது. ரேடியோ பாடிக்கொண்டிருக்கையிலேயே 14 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டிவந்த கெபாசிட்டரில் அன்று 11. டையோடு ஒன்று முறிந்ததென்று நிச்சயித்து, பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து நான்கையும் சோதித்தேன், நான்கும் 0.6-ஐச் சொல்லி என்னைப் பரிகசித்தன. பழைய நானாயிருந்தால் நான்கையும் மாற்றியிருப்பேன். மாமனின் முகம் மனத்தில் வரவே, மறுபடி மின்சாரம் கொடுத்து, டையோடுகளின் கால்களை விட்டுவிட்டு, அவை பற்றவைக்கப்பட்ட செம்புத் தடத்தில் ஒரு முனையையும் அதே காலின் நுனியில் மற்றொரு முனையையும், பிளாஸ்டிக் உறையை மட்டும் பிடித்தபடி, அழுத்தாமல் மெல்ல வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். ஒட்டியிருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே ஒரு வோல்ட்டும் இருக்க நியாயமில்லை. மூன்று டையோடுகளில் 0. நான்காவதன் ஒரு காலில் சில வோல்ட் தெரிந்தது. முனையைச் சற்று அழுத்தியதும் மறைந்தது. ஈயம் காலைச் சுற்றி வளையமாய் நின்றதே தவிர அதைப் பற்றியிருக்கவில்லை. முன்பு சோதித்தபோது முனையை அழுத்தி அழுத்தி நானே அந்த இடைவெளியை மூடியிருக்கிறேன். பிளக்கைப் பிடுங்கி, இரும்பைச் சூடாக்கி அந்த ஒரு புள்ளியில் வைத்தேன். ஈயம் உருகிக் காலோடு வழிந்தது. ரேடியோவைத் திருப்பியபோது செய்திகள் முடிந்து நாகஸ்வரம் ஆரம்பித்திருந்தது. ஒத்துச் சுருதியைத் தவிர வேறு சுருதி எதுவும் கேட்கவில்லை.